யார் யாரைத் தேடிப் போவது? கிளவுட் வெப் ஆப்பைத் தனி நெட்வொர்க்கோடு இணைப்பது

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் துவரம்பருப்பும் மிளகாய் வற்றலும் ஆர்டர் போட ஒரு வெப் ஆப் இருக்கிறது. அது மைக்ரோசாஃப்டின் கிளவுட்டான அஸூரில், 'ஆப் சர்வீஸ்' என்ற சேவையில், சென்னை டேட்டா சென்டரில் ஓடுகிறது. அஸூரை நிர்வகிக்கும் இணையதளமான போர்ட்டலில் இந்த இடத்துக்கு 'சவுத் இந்தியா' என்று பெயர். யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அஸூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது. சரக்கு இருப்பு மட்டும் இன்னும் கடையிலேயே, கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரில், எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் கிடக்கிறது.

ஆப் இந்த இரண்டு டேட்டாபேஸோடும் பேச வேண்டும். ஊரில் வேறு யாரும் இந்த இரண்டையும் தொடக் கூடாது. இதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. கிளவுட் நெட்வொர்க் பக்கம் இதுவரை எட்டிப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். ஆப் எழுதத் தெரிந்து, நெட்வொர்க் என்றதும் தயங்கி நிற்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். உண்மையில் இது அவ்வளவு பயப்படும் விஷயம் இல்லை.

முதலில், பலரும் பிடிக்கும் குறுக்கு வழியைச் சொல்லிவிடுகிறேன். அஸூர் எஸ்க்யூஎல் சர்வரின் நெட்வொர்க்கிங் பக்கத்தில், அஸூர் சேவைகளை இந்தச் சர்வருக்குள் அனுமதிக்கலாமா என்று கேட்கும் ஒரு டிக் பெட்டி உண்டு. டிக் பண்ணிய உடனே ஆப் டேட்டாபேஸோடு பேச ஆரம்பித்துவிடும். வேலை முடிந்த மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த டிக் அஸூருக்குள் ஓடும் எல்லாருக்கும் வழி விடுகிறது. உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் அங்கே வாடகைக்கு எடுத்த சர்வரும் உங்கள் டேட்டாபேஸின் லாகின் வரை வந்து நிற்கலாம். மிச்சமிருக்கும் காவல் பாஸ்வேர்டு ஒன்றுதான்.

கடைப்பக்கத்துக் குறுக்கு வழி இதைவிட மோசம். பிராட்பேண்ட் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான வாசல் எண்ணான 1433ஆம் போர்ட்டைக் கடைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவார்கள். இணையம் முழுக்க அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் புரோகிராம்கள் ராத்திரி பகலாக அலைகின்றன. திறந்து வைத்தால், 'எஸ்ஏ' என்ற பயனர் பெயரில் தோற்றுப்போன லாகின் முயற்சிகள் சர்வரின் லாகில் வரிசையாக விழத் தொடங்கும். மொத்தக் கடையின் உயிரே பாக்கிக் கணக்கும் இருப்புக் கணக்கும்தான். அதை ஒரே ஒரு பாஸ்வேர்டை நம்பித் தெருவில் வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆப் எங்கே குடியிருக்கிறது?

இணையத்தில் யாரும் தேடி வர முடியாத ஐபி முகவரிகள் சில உண்டு. இவற்றைத் தனி முகவரிகள் என்கிறேன். 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் அவற்றை மூன்று தொகுதிகளாக ஒதுக்கியது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168 என்று தொடங்குபவை. உங்கள் வீட்டு ரவுட்டர் போனுக்குக் கொடுக்கும் முகவரியும் அனேகமாக இந்த மூன்றாவது வகைதான். இந்த முகவரிகளை இணைய ரவுட்டர்கள் சுமப்பதில்லை. அந்தந்த நெட்வொர்க்குக்குள் மட்டுமே அவற்றுக்கு மதிப்பு.

கிளவுட்டிலும் இப்படி ஒரு தனி நெட்வொர்க்கை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். அஸூரில் அதை விநெட் என்கிறார்கள். அமேசானிலும் கூகுளிலும் விபிசி. நம் கடைக்கு 10.20.0.0/16 என்று ஒரு விநெட் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் அந்தத் தொகுதியின் அளவைச் சொல்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக முகவரிகள் குறையும்: /16 என்றால் 65,536, /24 என்றால் 256, /26 என்றால் 64, /28 என்றால் வெறும் 16. இந்தப் பெரிய தொகுதியைச் சின்னச் சின்னதாகப் பிரித்தால் அவை சப்நெட்.

மதுரையின் பழைய வளவு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே வரிசையாகப் பல குடித்தனங்கள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான முற்றம். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தெருவுக்கு வர வேண்டியதில்லை. விநெட்டும் அப்படித்தான். இங்கேதான் புதிதாக வருபவர்கள் குழம்புகிறார்கள்: உங்கள் வெப் ஆப் அந்த வளவில் குடியில்லை.

நீங்கள் ஒரு விர்ச்சுவல் மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தால் அது பிறக்கும்போதே ஒரு விநெட்டுக்குள்தான் பிறந்திருக்கும். ஆப் சர்வீஸ் அப்படி இல்லை. நீங்கள் கோடை மட்டும் கொடுக்கிறீர்கள். அது ஓடும் மெஷின், அதற்கு முன்னால் நிற்கும் லோட் பேலன்ஸர், அப்டேட், பேட்ச் எல்லாம் மைக்ரோசாஃப்ட் பொறுப்பு. அந்த மெஷின் அவர்களுடைய நெட்வொர்க்கில், வேறு பலருடைய ஆப்களோடு சேர்ந்து இருக்கிறது. அது வெளியே பேசும்போது பயன்படுத்தும் ஐபி முகவரிகள்கூட அந்தப் பகுதியிலுள்ள மற்ற ஆப்களுக்கும் பொதுவானவை. ஆகவே 'என் ஆப்பின் ஐபியை மட்டும் டேட்டாபேஸ் ஃபயர்வாலில் அனுமதித்துவிடுகிறேன்' என்றாலும், அதே முகவரியில் இன்னும் சிலர் வரலாம். ஆப் ஓட நீங்கள் வாடகைக்கு எடுக்கும் மெஷின் தொகுப்பான பிளானின் தரத்தை மாற்றினால் அந்த முகவரிகளும் மாறிப்போகலாம்.

போவதற்கு ஒரு வழி, வருவதற்கு ஒரு வழி

இணைப்பது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் கிளவுட் அதை இரண்டு தனி வேலைகளாகப் பார்க்கிறது. எதையாவது கிளிக் செய்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பேச்சைத் தொடங்குவது யார்? ஆப் டேட்டாபேஸைத் தேடிப் போகிறதா, தனி நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவர் ஆப்பைத் தேடி வருகிறாரா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் இறங்கினால் தப்பான அமைப்பில் நாள் கணக்கில் நேரம் போகும்.

ஆப் தேடிப் போவதென்றால் அஸூரில் அதற்குப் பெயர் விநெட் இன்டக்ரேஷன். ஆப் மைக்ரோசாஃப்ட் மெஷினிலேயே இருக்கும். அதிலிருந்து உங்கள் விநெட்டுக்குள் நுழைய ஒரு பக்கவாட்டு வழி மட்டும் கிடைக்கும். அந்த வழியில் போகும் பேச்சுக்கு விநெட்டின் முகவரி ஒன்று கிடைப்பதால், உள்ளே இருப்பவர்களுக்கு ஆப் உள்ளூர் ஆள் மாதிரியே தெரியும்.

அந்த வழி ஒரு திசையில் மட்டுமே. கடை முதலாளி இப்படிக் கேட்பார்: "தம்பி, ஆப்தான் நம்ம தனி நெட்வொர்க்ல சேந்துருச்சே, அப்புறம் எப்படி என் மருமகன் பெங்களூர்ல இருந்து போன்ல திறக்குறாரு?" நியாயமான கேள்வி. பதில் இதுதான்: "அண்ணாச்சி, ஆப் வெளிய போறதுக்குத்தான் இப்ப வழி போட்டிருக்கோம். ஆப்புக்குள்ள வர்ற வழி பழையபடி இணையத்துலதான் இருக்கு. அதைத் தொடவே இல்ல." மேலூர்க் கடைக்காரர் போனில் ஆர்டர் போட வேண்டுமென்றால் அந்த வாசல் திறந்துதான் இருக்க வேண்டும். நம் கடைக்கு அது சரிதான்.

அந்த வாசலையும் அடைத்து, தனி நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு மட்டும் ஆப்பைக் காட்ட வேண்டுமென்றால் அது வேறு வேலை. அதற்குப் பிரைவேட் எண்ட்பாயின்ட் என்று பெயர். ஊழியர்கள் மட்டும் பார்க்கும் சம்பளக் கணக்கு ஆப் போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

சப்நெட்டின் அளவு

விநெட் இன்டக்ரேஷனுக்கு ஒரு தனி சப்நெட் வேண்டும். அதை ஆப் சர்வீஸுக்கென்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதை டெலிகேஷன் என்கிறார்கள். அதில் விர்ச்சுவல் மெஷின், பிரைவேட் எண்ட்பாயின்ட் என்று வேறு எதையும் வைக்க முடியாது. விநெட்டும் ஆப்பும் ஒரே ரீஜனில், அதாவது ஒரே டேட்டா சென்டர் பகுதியில், இருக்க வேண்டும். ஆப் சென்னையிலும் விநெட் புனேயிலும் இருந்தால் நேரடியாகச் சேராது. சென்னையில் ஒரு விநெட் போட்டு, இரண்டு விநெட்டையும் நேரடியாகச் சேர்க்கும் பியரிங் செய்ய வேண்டியிருக்கும். இலவச பிளானிலும் ஷேர்டு பிளானிலும் இந்த வசதி கிடையாது. பேசிக் அல்லது அதற்கு மேல் வேண்டும்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுங்கள். சப்நெட் ஒவ்வொன்றிலும் அஸூர் ஐந்து முகவரிகளைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது: முதல் நான்கும் கடைசி ஒன்றும். குறைந்தபட்ச அளவான /28 எடுத்தால் பதினாறில் ஐந்து போக நமக்கு 11. ஆப் பிளானின் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும், அதாவது ஆப் ஓடும் ஒவ்வொரு மெஷினும், ஒரு முகவரி எடுக்கும். சாதாரண நாளில் இரண்டு இன்ஸ்டன்ஸ் ஓடும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆர்டர் குவியும்போது ஆறாக உயர்த்துகிறோம். ஆறுதானே, 11 போதுமே என்று தோன்றும். ஆனால் பிளானின் அளவையே பெரிதாக மாற்றும்போது பழைய மெஷின்களும் புதிய மெஷின்களும் சிறிது நேரம் சேர்ந்தே இருக்கும். அப்போது ஆறு பன்னிரண்டாகிவிடும். இருப்பதோ 11. வருடத்தில் வியாபாரம் அதிகம் நடக்கும் நேரத்தில் போய் இது இடிக்கும்.

சப்நெட்டை ஆப்புக்குக் கொடுத்த பிறகு அதன் அளவை மாற்றவும் முடியாது. அதனால் முதலிலேயே /26 எடுங்கள். ஐந்து போக 59 முகவரிகள் கிடைக்கும். மைக்ரோசாஃப்டும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. தனி முகவரிக்குக் காசும் கிடையாது. இதில் சிக்கனம் பிடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

டேட்டாபேஸை உள்ளே கொண்டுவருவது

ஆப்புக்கு விநெட்டில் நுழைய வழி கிடைத்தது. ஆனால் அஸூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸும் மைக்ரோசாஃப்ட் நடத்தும் சேவைதான். அதுவும் விநெட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. இப்போது அதற்கு ஒரு பிரைவேட் எண்ட்பாயின்ட் போடுகிறோம். அதாவது விநெட்டில் இன்னொரு சப்நெட் எடுத்து, 10.20.2.0/24 என்று வைத்துக்கொள்வோம், அதில் டேட்டாபேஸுக்கு ஒரு தனி முகவரி கொடுக்கிறோம். முதல் நான்கு முகவரிகள் அஸூருக்குப் போய்விட்டதால், காலியான சப்நெட்டாக இருந்தால் பெரும்பாலும் 10.20.2.4 கிடைக்கும். இனி விநெட்டுக்குள் இருப்பவர்களுக்கு டேட்டாபேஸின் விலாசம் இது.

இங்கே ஒரு ஆசை வரும்: கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் பழைய சர்வர் பெயரை எடுத்துவிட்டு 10.20.2.4 என்று எழுதிவிடலாமே என்று. எழுதாதீர்கள். அஸூர் எஸ்க்யூஎல்லில் ஒரே நுழைவாயிலுக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய டேட்டாபேஸ் இருக்கிறது. எந்தச் சர்வர் வேண்டும் என்பதைப் பெயரை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கும். சர்வர் அசல்தான் என்று காட்டும் டிஎல்எஸ் சான்றிதழும் பெயருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. கனெக்ஷன் ஸ்ட்ரிங்கை அப்படியே விட்டுவிடுங்கள். மாற வேண்டியது அந்தப் பெயரைக் கேட்டால் கிடைக்கும் பதில்.

அந்தப் பதிலைச் சொல்வது, பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ். பிரைவேட் எண்ட்பாயின்ட் போட்டதும் சர்வரின் பெயர் 'பிரைவேட்லிங்க்' என்ற சொல் சேர்ந்த இன்னொரு பெயருக்குக் கைகாட்ட ஆரம்பிக்கும். அந்த இரண்டாவது பெயருக்கு நீங்கள் ஒரு தனி டிஎன்எஸ் ஸோன், அதாவது பெயர்-முகவரிப் பட்டியல், வைத்து, அதில் 10.20.2.4 என்று பதிவிட்டு, அந்த ஸோனை உங்கள் விநெட்டோடு லிங்க் செய்ய வேண்டும். அதன் பிறகு விநெட்டுக்குள் இருந்து கேட்டால் 10.20.2.4 என்று பதில் வரும். உங்கள் வீட்டு லேப்டாப்பில் இருந்து கேட்டால் பொது முகவரிதான் வரும். பெயர் ஒன்றுதான், கேட்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

போர்ட்டலில் பிரைவேட் எண்ட்பாயின்ட் உருவாக்கும்போதே ஸோனையும் லிங்க்கையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுங்கள். பிரச்சினை வருவது பெரும்பாலும் விநெட் இரண்டு இருக்கும்போதுதான். ஸோன் ஒன்றோடு லிங்க் ஆகியிருக்கும், ஆப் இன்னொன்றில் இணைந்திருக்கும். இரண்டுக்கும் பியரிங் இருந்தாலும் டிஎன்எஸ் லிங்க் தானாகப் பரவாது. ஆப் சேர்ந்திருக்கும் விநெட்டோடும் அந்த ஸோனை லிங்க் செய்ய வேண்டும். நிறுவனத்தில் தனியாக டிஎன்எஸ் சர்வர் வைத்து, விநெட்டை அதை நோக்கித் திருப்பியிருந்தால், அந்தச் சர்வர் இந்தப் பெயர்களுக்கான கேள்விகளை 168.63.129.16 என்ற அஸூரின் சொந்த டிஎன்எஸ் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அந்த முகவரி எல்லா ரீஜனிலும் ஒன்றேதான்.

சோதித்துப் பார்ப்பது

எல்லாம் போட்டாயிற்று, ஆப் இன்னும் டேட்டாபேஸைத் தொடவில்லை என்றால் எல்லாரும் முதலில் செய்வது பிங் அடிப்பது. ஆப் சர்வீஸின் கன்சோலில் பிங் வேலை செய்யாது. ஆப்பைச் சுற்றியிருக்கும் பாதுகாப்பு வேலி அந்த வகைப் பாக்கெட்டை அனுமதிப்பதில்லை. அதனால் பிங் வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

விண்டோஸ் பிளானாக இருந்தால் ஆப்போடு வரும் 'கூடு' (Kudu) என்ற நிர்வாகக் கருவியின் கன்சோலைத் திறங்கள். அதில் நேம்ரிசால்வர் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. அதற்கு டேட்டாபேஸ் சர்வரின் முழுப் பெயரைக் கொடுங்கள். பதிலில் 10.20 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஎன்எஸ் சரி. பொது முகவரி வந்தால் ஸோனிலோ லிங்க்கிலோ, சொந்த டிஎன்எஸ் சர்வர் இருந்தால் அதிலோதான் கோளாறு. வேறு எங்கும் தேட வேண்டாம். அடுத்து டிசிபிபிங் என்ற கமாண்டில் அதே பெயரையும் 1433 என்ற போர்ட்டையும் கொடுங்கள். இணைந்தேன் என்று நேரம் காட்டினால் வழி திறந்திருக்கிறது. மிச்சமிருப்பது பயனர் பெயர், பாஸ்வேர்டு சங்கதி. பெயர் சரியாக வந்தும் இது தோற்றால், பெரும்பாலும் இடையில் எங்கோ, எந்தப் போக்குவரத்தை விடலாம் என்று சொல்லும் விதிப் பட்டியலான நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப்பின் விதி ஒன்று மறிக்கிறது. முதலில் பெயர், அப்புறம் போர்ட், கடைசியில் லாகின் என்ற இந்த வரிசையை மாற்றாமல் பிடித்துக்கொண்டால் தேடல் சீக்கிரம் முடியும். இந்த இரண்டு கமாண்டும் ஆப்புக்குள்ளிருந்தே ஓடுவதுதான் முக்கியம். உங்கள் லேப்டாப்பில் இருந்து சோதித்தால் அது உங்கள் லேப்டாப்பைப் பற்றித்தான் சொல்லும்.

கடைக் கம்ப்யூட்டர் வரை

இப்போது மீதி பாதி: கீழமாசி வீதியில் இருக்கும் இருப்புக் கணக்கு. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று சைட்-டு-சைட் விபிஎன். விநெட்டில் ஒரு விபிஎன் கேட்வே, கடையில் விபிஎன் தெரிந்த ஒரு ரவுட்டர், இரண்டுக்கும் நடுவே ஐபிசெக் முறையில் பூட்டப்பட்ட ஒரு பாதை. கேட்வேக்கென்று தனி சப்நெட் வேண்டும். அதன் பெயர் எழுத்து பிசகாமல் 'கேட்வேசப்நெட்' என்றே இருக்க வேண்டும். கேட்வே உருவாக முக்கால் மணி நேரமும் ஆகலாம். நின்றுவிட்டதோ என்று நினைத்து ரத்து செய்துவிடாதீர்கள். உருவான நிமிடத்திலிருந்து, நீங்கள் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், மணிக்கணக்கில் காசு ஓடும்.

வழக்கமாக இதற்குக் கடைப்பக்கம் ஒரு நிலையான பொது ஐபி வேண்டும். சாதாரண பிராட்பேண்டில் அது பெரும்பாலும் இருக்காது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து அதன் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்கள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது என்று அர்த்தம். நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கீழமாசி வீதிக் கடையிலும் திருமங்கலம் கிளையிலும் ரவுட்டரை வாங்கி வந்த அமைப்பிலேயே மாட்டியிருப்பார்கள். இரண்டிலும் உள் நெட்வொர்க் 192.168.1.0/24. இரண்டிலும் 192.168.1.10 என்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். தனித்தனியாக இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டையும் ஒரே விநெட்டோடு இணைத்ததும், 192.168.1.10 என்று ஆப் கேட்டால் எந்த ஊருக்குப் போவது? விநெட்டுக்கே 192.168.1 தொகுதியைக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். விநெட் அதைத் தன் சொந்த வீடு என்று நினைத்துக்கொண்டு கடைப்பக்கம் பாக்கெட்டை அனுப்பவே அனுப்பாது.

ஆகவே ஒரு தாளில் முகவரித் திட்டம் எழுதுங்கள். விநெட் 10.20.0.0/16, கீழமாசி வீதி 192.168.41.0/24, திருமங்கலம் 192.168.42.0/24, நாளை மாட்டுத்தாவணியில் கிளை வந்தால் 192.168.43.0/24. ஒன்றோடொன்று முட்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. டாக்கர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 172.17.0.0/16 பக்கம் போகாமல் இருப்பது நல்லது. டாக்கர் வழக்கமாக அதைத்தான் தனக்கு எடுத்துக்கொள்கிறது. கிளைகளில் ரவுட்டரின் முகவரித் தொகுதியை மாற்றினால் பிரின்டரும் பில் மெஷினும் சிறிது நேரம் முரண்டு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது செய்துவிடுங்கள்.

இரண்டாவது வழி ஹைப்ரிட் கனெக்ஷன். சின்னக் கடைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய புரோகிராமை நிறுவுகிறீர்கள். அது 443ஆம் போர்ட் வழியாகத் தானே அஸூரைக் கூப்பிட்டு, இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஆப்பின் கேள்வி அந்த இணைப்பு வழியாகக் கடைக்கு வரும். நிலையான ஐபி வேண்டாம், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம், முகவரி முட்டுமோ என்ற கவலையும் இல்லை. இதற்கு விநெட்கூடத் தேவையில்லை.

ஆனால் ஓர் இணைப்பு ஒரு கம்ப்யூட்டரின் ஒரு போர்ட்டுக்கு மட்டும். பாக்கெட் அனுப்பும் முறைகளில் டிசிபி மட்டும்தான் போகும், யுடிபி போகாது. இது எக்ஸ்பிரஸ் பதிப்பில் இடிக்கும். எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ் பொதுவாக ஒரு தனி இன்ஸ்டன்ஸ் பெயரோடு நிறுவப்படும் (இங்கே இன்ஸ்டன்ஸ் என்பது நிறுவப்பட்ட ஒரு எஸ்க்யூஎல் சர்வர்). அது தொடங்கும்போது தனக்கு ஒரு போர்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். எந்தப் போர்ட் என்று தெரிந்துகொள்ள யுடிபியில் 1434ஐக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி இந்த வழியில் போகாது. தவிர, எக்ஸ்பிரஸில் டிசிபி இணைப்பே முதலில் அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து டிசிபியை இயக்கி, ஐபி ஆல் என்ற பகுதியில் டைனமிக் போர்ட்டை அழித்து, நிலையாக 1433 என்று எழுதி, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். ஹைப்ரிட் கனெக்ஷனில் கம்ப்யூட்டரின் ஐபிக்குப் பதில் அதன் பெயரைக் கொடுங்கள்.

இன்னொன்று: கடையில் கரண்ட் போனால் இருப்புக் கணக்கும் போய்விடும். எந்த வழியில் இணைத்தாலும் இது மாறாது. இருப்பு கிடைக்கவில்லை என்றால் ஆர்டரை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு சரிபார்க்கும்படி ஆப்பை எழுதுவதுதான் ஒழுங்கு.

மற்ற கிளவுட்களில்

கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான். இயல்பாக வரும் அமைப்பு மட்டும் மாறும். அமேசானில் நம் கோடை ஓட்டும் லாம்டா சேவையை விபிசியோடு இணைத்தால் அதன் வெளிப்போக்குவரத்து முழுவதும் விபிசி வழியாகத்தான் போகும். உள்ளிருந்து இணையத்துக்குப் போக வழி விடும் நேட் கேட்வே வைக்காவிட்டால் அதுவரை வேலை செய்த எஸ்எம்எஸ் சேவையும் பேமென்ட் சேவையும் திடீரென்று நின்றுபோகும். கூகுளின் அதே மாதிரியான சேவையான கிளவுட் ரன்னில் வேறாக எதையும் மாற்றாவிட்டால் தனி முகவரிகளுக்கான போக்குவரத்து மட்டும் விபிசிக்குள் போகும், மற்றது பழைய வழியில். அஸூரில் எல்லாவற்றையும் விநெட் வழியாக அனுப்புவதா, தனி முகவரிகளை மட்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். வங்கிச் சேவை ஏதாவது, எங்களைக் கூப்பிடும் ஐபியைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டால், எல்லாவற்றையும் விநெட் வழியாக விட்டு அங்கே ஒரு நேட் கேட்வே வையுங்கள். அப்போது வெளியே தெரியும் முகவரி உங்களுடையதாக, மாறாததாக இருக்கும்.

பொது வாசலை அடைக்கும் முன்

பிரைவேட் எண்ட்பாயின்ட் போட்டதால் டேட்டாபேஸின் பொது வாசல் தானாக மூடிவிடாது. பழைய டிக்கும் அப்படியே இருக்கும். ஆப் புதிய வழியில் பேசுகிறது என்று நேம்ரிசால்வரில் பார்த்து உறுதி செய்த பிறகு, அந்த டிக்கை எடுத்துவிட்டு, 'பப்ளிக் நெட்வொர்க் ஆக்ஸஸ்' என்பதை அணைக்க வேண்டும். இதைச் செய்யாதவரை நாம் செய்ததெல்லாம் புது வழி ஒன்று போட்டதுதான். பழைய வழி திறந்தே கிடக்கிறது.

அணைத்த உடனே அதுவரை பொது வழியில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே நிற்பார்கள். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ திறக்காது. போர்ட்டலில் இருக்கும் குவெரி எடிட்டரும் நின்றுவிடும், ஏனென்றால் அதுவும் உங்கள் பிரவுசரில் இருந்துதான் பேசுகிறது. கிட்ஹப்பில் இருந்து டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஓட்டுகிறீர்கள் என்றால் அதுவும் தோற்கும். கணக்குப் பிள்ளை மாதக் கடைசியில் எக்செலில் இருந்து நேரடியாக இழுக்கும் பாக்கி அறிக்கையும் வராது. தானாக நடக்கும் பேக்கப் மட்டும் வழக்கம்போல் நடக்கும்.

அதனால் அணைப்பதற்கு முன் இந்த டேட்டாபேஸுக்குள் யார் யார், எதில் இருந்து வருகிறார்கள் என்று எழுதுங்கள். விபிஎன் கேட்வே இருந்தால் உங்கள் லேப்டாப்புக்கும் கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டருக்கும் அதிலேயே, ஒரு கம்ப்யூட்டரை மட்டும் விநெட்டோடு சேர்க்கும் பாயின்ட்-டு-சைட் இணைப்பு கொடுக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அஸூரின் தனி டிஎன்எஸ் நேரடியாகக் கிடைக்காது என்பதால், ஓரிரண்டு கம்ப்யூட்டர்தான் என்றால் கம்ப்யூட்டரிலேயே பெயர்-முகவரி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வர் பெயருக்கு எதிரே 10.20.2.4 என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நிறைய என்றால், அவற்றின் கேள்விகளை அஸூரின் டிஎன்எஸ்ஸுக்குக் கடத்தும் டிஎன்எஸ் ரிசால்வர் வைக்க வேண்டும். கேட்வே இல்லையென்றால் விநெட்டுக்குள் ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷின் வைத்து, தேவைப்படும்போது மட்டும் இயக்கி, அதில் இருந்து வேலை செய்யலாம். கிட்ஹப் வேலைகளை ஓட்டும் ரன்னரையும் அதிலேயே வைக்கலாம். மெஷினை நிறுத்தும்போது விண்டோஸுக்குள் ஷட்டவுன் கொடுத்தால் வாடகை நிற்காது; போர்ட்டலில் இருந்து நிறுத்தி, 'டீஅலொகேட்டட்' என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.